அவருக்குப் பிடிக்கிற வீடு

மாமனார்: மூடாதேம்மா… திறந்தே இருக்கட்டும். இப்ப எப்படி வருது?

மருமகள்: சமையல்கட்டுல நல்லாத்தான் வருது மாமா.

மாமனார்: சரி. இப்ப நான் பாத்ரூம்ல ரெண்டு குழாயையும் திறக்கறேன்… இப்ப?

மருமகள்: நூல் மாதிரி ஆயிடுச்சு.

புரோக்கர்: எந்த வீட்டுல சார் எல்லாக் குழாயையும் ஒரே நேரத்துல திறப்பாங்க?

மாமனார்: காலைல ஏழரை மணிக்கு எல்லா வீட்டுலயும்தான்.

புரோக்கர்: மேடம், நீங்களாவது சொல்லுங்க. ஒன்பது வீடு காட்டிட்டேன். இது பத்தாவது. ஒன்பதுலயும் உங்க மாமனார் ஒரு குழாயைப் பிடிச்சுக்கிட்டு…

மருமகள்: முப்பத்தொரு வருஷம் தண்ணி பம்ப் ஹவுஸ்ல வேலை பார்த்தவர். அவர்கிட்ட குழாயைத் திறக்காதீங்கன்னா எப்படி?

புரோக்கர்: நீங்க மட்டும் என்ன. பழைய பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு ரூம் ரூமா நின்னு படிக்கறீங்க.

மருமகள்: லைட் போடாம பொடி எழுத்து தெரியுதான்னு பார்க்கறேன். மூக்குக் கண்ணாடிக் கடையில பன்னெண்டு வருஷமா வர்றவங்களைப் படிக்க வச்சுப் பழக்கம்.

புரோக்கர்: தண்ணிக்கு மாமனார், வெளிச்சத்துக்கு மருமக. காத்துக்கு யாரு… வெளியூர்ல இருக்கற உங்க வீட்டுக்காரரா?

மாமனார்: அவன் வந்தா எல்லாத்தையும் பார்ப்பான். நீங்க மொதல்ல வால்வு எங்கன்னு காட்டுங்க.

புரோக்கர்: கட்டின வீட்டுக்குப் பழுது சொல்றது சுலபம் சார்.

மாமனார்: வாங்கின வீட்டுக்குப் பழுது பார்க்கறதுதான் கஷ்டம். இதோ, இதுதானா… பார்த்தீங்களா, பாதி மூடிக் கிடக்கு. யாரோ மூடிட்டு மறந்துட்டாங்க. அம்மாடி, இப்ப பாரு.

மருமகள்: வருது மாமா. ரெண்டும் திறந்திருந்தும் நல்லா வருது.

புரோக்கர்: அப்ப முடிஞ்சுது. பேசி முடிச்சுடலாமா? அஞ்சு மணிக்கு ஒரு பல் டாக்டர் வர்றார் இதே வீட்டைப் பார்க்க. அவர் உங்களை மாதிரி எல்லாத்தையும் திறந்து பார்க்க மாட்டார்.

மாமனார்: பல் டாக்டர் திறந்து பார்க்காம என்ன செய்வார்.

புரோக்கர்: சிரிக்காதீங்க மேடம். மணி நாலரை. நான் நிஜமாத்தான் சொல்றேன்.

மருமகள்: இன்னொரு தடவை ரூமைப் பார்த்துடறேன்.

புரோக்கர்: ஏற்கெனவே மூணு தடவை பார்த்துட்டீங்க. ஒரு இடத்துல நில்லுங்களேன். எனக்குத் தலை சுத்துது.

மருமகள்: நின்னா யோசனை வருதுங்க. மாமா, இங்க வாங்க. இந்த ரூம்ல பொடி எழுத்துகூடத் தெரியுது. இது உங்களுக்கு.

மாமனார்: இது பெரிய ரூம். பாத்ரூம் சேர்ந்தது. இது உங்க ரெண்டு பேருக்கு. எனக்கு அந்தச் சின்ன ரூம் போதும்.

மருமகள்: அதுல கட்டில் போட்டா கதவு திறக்காது.

மாமனார்: கதவு எதுக்குத் திறக்கணும்?

மருமகள்: நீங்க வெளியே வர வேண்டாமா?

மாமனார்: வந்து எந்த ஊரை ஆளப் போறேன்.

மருமகள்: அவர் சொல்லிட்டார் மாமா. அப்பாவுக்கு ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கு, பாத்ரூம் சேர்ந்த ரூம் அப்பாவுக்குத்தான்னு.

மாமனார்: யாரு… அவனா சொன்னான்?

மருமகள்: ம்.

மாமனார்: எப்போ?

மருமகள்: ஞாயித்துக்கிழமை. போன்ல.

மாமனார்: ஓ… என்கிட்டயும் ஞாயித்துக்கிழமைதான் பேசினான்.

மருமகள்: அப்படியா… எத்தனை மணிக்கு?

மாமனார்: நீ எத்தனை மணிக்குப் பேசினே?

மருமகள்: நான்… சாயங்காலம்.

மாமனார்: நான் காலைல.

மருமகள்: காலைல முழுக்க ஹால்ல உக்காந்து ரேடியோவைப் பிரிச்சுப் போட்டுட்டு இருந்தீங்களே.

மாமனார்: நடுவுல மாடிக்குப் போனேன். மாடிலதான் சிக்னல் கிடைக்குது.

புரோக்கர்: வீட்டுக்காரரைப் பத்திப் பேசறீங்களா? வேலை எந்த ஷிப்ட் அவருக்கு?

மருமகள்: ராத்திரி.

மாமனார்: பகல்.

புரோக்கர்: ராத்திரியா, பகலா?

மாமனார்: மாறி மாறி வரும். கம்பெனின்னா அப்படித்தானே.

மருமகள்: ஆமா. மாறி மாறி.

புரோக்கர்: பாவம், இந்த மாதிரி ஷிப்ட் பார்த்தா உடம்பு என்னத்துக்கு ஆகும். சரி, சமையல்கட்டைப் பத்திச் சொல்லவே இல்லையே மேடம். பிடிச்சிருக்கா?

மருமகள்: நல்லாத்தான் இருக்கு.

மாமனார்: என்ன நல்லா இருக்கு. மேடை எவ்ளோ உசரம் பாரு. தோசைக்கல்லு வைக்கணும்னா நீ ஸ்டூல் போட்டு ஏறணும். இதை ரெண்டு செங்கல் இறக்கிக் கட்டணும். அவன் அதைத்தான் குறிப்பா சொன்னான்.

மருமகள்: எதை?

மாமனார்: மேடை உசரமா இருந்தா அவளுக்குத் தோள்வலி வந்துடும்பா, பார்த்து வாங்குங்கன்னு.

மருமகள்: அவரா சொன்னார்?

மாமனார்: ஆமாங்கறேன்.

மருமகள்: கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம். தண்ணி குடிக்கக்கூட சமையல்கட்டுக்குள்ள வந்தவர் இல்ல மாமா. எனக்குத் தோள்வலி இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

மாமனார்: ஏன்… மனுஷன் தூரத்துல இருக்கறப்போ நாலையும் யோசிப்பான்ல.

மருமகள்: நீங்கதான் தினம் ராத்திரி தைலம் எடுத்துட்டு வந்து வைக்கறீங்க.

மாமனார்: அது… தைலம் வீணாப் போகுதேன்னு.

மருமகள்: அவர் என்கிட்ட வேற சொன்னார். அப்பாவுக்கு முட்டி தேய்ஞ்சு போச்சு, தரைத்தளம்தான் வேணும், பாத்ரூம்ல பிடிச்சுக்கறதுக்கு ரெண்டு கம்பி அடிக்கணும்னு.

மாமனார்: கம்பியா… அவனா?

மருமகள்: ஆமாங்கறேன்.

புரோக்கர்: இந்தக் காலத்துல இப்படி ஒரு பையனா. அப்பா முட்டியும் தெரியுது, பொண்டாட்டி தோளும் தெரியுது. எனக்கே அவரைப் பார்க்கணும்போல இருக்கு சார்.

மாமனார்: மீட்டர் எங்க இருக்கு?

புரோக்கர்: என்ன மீட்டர்?

மாமனார்: தண்ணி மீட்டர். இந்த வீட்டுக்குன்னு தனியா இருக்குமே.

புரோக்கர்: பின்பக்கம் இருக்கு. அதை எதுக்கு சார்…

மாமனார்: எல்லாக் குழாயையும் இறுக்கி மூடிட்டு பத்து நிமிஷம் மீட்டர் முள்ளைப் பார்க்கணும். முள்ளு நகர்ந்தா எங்கேயோ சுவத்துக்குள்ள ஒழுகுதுன்னு அர்த்தம். ஒன்பது வீட்டையும் அதுலதானே கழிச்சேன்.

புரோக்கர்: ஒன்பதுலயுமா சார் ஒழுகிச்சு?

மாமனார்: ஏழுல.

புரோக்கர்: மிச்சம் ரெண்டு?

மாமனார்: மிச்சம் ரெண்டும்… மனசுக்குப் பிடிக்கல.

மருமகள்: அந்த ரெண்டும் நல்ல வீடு மாமா. எனக்கே ஏன்னு தெரியல. கையெழுத்துப் போடற நேரத்துல நீங்க வேண்டாம்னுட்டீங்க.

மாமனார்: ரெண்டாவதை நான் வேண்டாம்னேன். ஆறாவதை நீதான் வேண்டாம்னே. இருட்டுன்னே. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு.

மருமகள்: மேகம் போட்டிருந்துச்சு.

புரோக்கர்: வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்னு பெரியவங்க சொன்னாங்க. வீடு காட்டிப் பார்னு யாரும் சொல்லல. அது என் தலையெழுத்து. நான் போய் மொட்டைமாடி சாவியை வாங்கிட்டு வர்றேன். முள்ளைப் பாருங்க நீங்க. ஓனரம்மாவும் போன் பண்ணச் சொன்னாங்க, அதையும் பேசிட்டு வந்துடறேன்.

மாமனார்: எல்லாத்தையும் மூடிட்டியா?

மருமகள்: மூடிட்டேன். குனியாதீங்க, நான் பார்க்கறேன். உங்களுக்கு முட்டி…

மாமனார்: அந்தச் சின்னச் சிவப்பு முள்ளைப் பாரு. பெரிசை விடு. பெரிசு பொய் சொல்லும்.

மருமகள்: நிக்குது.

மாமனார்: இன்னும் பாரு.

மருமகள்: மாமா… இந்த வீடும் இல்லேன்னா என்ன செய்யறது? முப்பதாம் தேதி கடைசி. நாம காலி பண்ணலேன்னாலும் இடிக்கறதுக்கு ஜன்னலைக் கழட்டிடுவேன்னு வாடகை வீட்டு ஓனர் சொல்லிட்டார். பக்கத்துப் போர்ஷன்ல நேத்தே கதவைக் கழட்டிட்டாங்க.

மாமனார்: தெரியும். சத்தம் கேட்டுட்டுத்தானே இருந்தேன்.

மருமகள்: உங்க ரிடையர்மென்ட் பணமும் என் லோனும் சேர்ந்தாத்தான் இதாவது. தனித்தனியா ரெண்டு பேருக்கும் ஒரு வாசப்படிகூட வராது.

மாமனார்: ம்… முள்ளு?

மருமகள்: நிக்குது… இல்ல. இருங்க. லேசா அசையுது.

மாமனார்: எப்படி அசையுது? விட்டு விட்டா, ஒரே சீரா?

மருமகள்: விட்டு விட்டு.

மாமனார்: அப்ப சுவர் இல்ல. பாத்ரூம் ப்ளஷ் டாங்கி. உள்ள இருக்கற ரப்பர் தேய்ஞ்சிருக்கும். அந்தச் சின்ன வால்வை மூடிட்டு வா… மூடினியா? இப்ப பாரு.

மருமகள்: நின்னுடுச்சு.

மாமனார்: ஒரு டீக்காசு சமாச்சாரம். நானே மாத்திடுவேன்.

மருமகள்: அப்ப வீடு நல்ல வீடு.

மாமனார்: நல்ல வீடு.

மருமகள்: அப்படின்னா ஏன் முகத்தை அப்படி வச்சுக்கறீங்க?

மாமனார்: எப்படி வச்சுக்கிட்டேன்? நீதான் பேப்பரைக் கசக்கிக்கிட்டே இருக்கே.

மருமகள்: எனக்கு ஒண்ணும் இல்ல.

மாமனார்: எனக்கும் ஒண்ணும் இல்ல.

மருமகள்: அவருக்கும் பிடிக்கும்னு நினைக்கறேன்.

மாமனார்: பிடிக்கும் பிடிக்கும்.

புரோக்கர்: சார், ஒரு சின்ன விஷயம். ஓனரம்மா பேசினாங்க. போன வருஷம் இதே வீட்டுக்கு ஒரு பெரியவரும் அவர் சம்சாரமும் அட்வான்ஸ் குடுத்துட்டாங்க. அப்புறம் வெளியூர்லேர்ந்து பையன் வந்து, யாரைக் கேட்டுக் குடுத்தீங்கன்னு வாசல்ல நின்னு ஒரே ரகளை. அதனால இந்த அம்மா கறாரா சொல்லிட்டாங்க. உங்க பையன் வாயால ஒரு வார்த்தை சரின்னு கேட்டாத்தான் அட்வான்ஸ் வாங்குவேன்னு.

மாமனார்: பணம் எங்களுது. அவன் எதுக்கு?

புரோக்கர்: ஒரு நிமிஷ வேலை சார். போன் போட்டு ஸ்பீக்கர்ல ஒரு வார்த்தை.

மருமகள்: இப்ப அவர் தூங்கற நேரம்.

மாமனார்: இப்ப அவன் மிஷின் முன்னாடி நிப்பான். போன் எடுக்க விட மாட்டாங்க.

புரோக்கர்: ஒருத்தர் தூங்கறார்ங்கறீங்க, ஒருத்தர் நிக்கறார்ங்கறீங்க. ஒரே ஆளைப் பத்தித்தான் பேசறீங்களா?

மாமனார்: ராத்திரி நானே பேசிச் சொல்லிடறேன். ஓனரம்மாவுக்கு நான் வாக்குக் குடுக்கறேன்.

புரோக்கர்: ராத்திரின்னா அதுக்குள்ள பல் டாக்டர் முடிச்சுடுவார் சார். இதுக்கு ஏன் இவ்ளோ யோசனை, நம்பர்தான் என்கிட்டயே இருக்கே. மொத நாள் மேடம் எழுதிக் குடுத்த தாள்ல… இதோ, கணவர்னு போட்டு ஒரு நம்பர்.

மருமகள்: இருங்க, அந்த நம்பரை…

புரோக்கர்: போட்டுட்டேன் மேடம். ரிங் போகுது. நானே பேசறேன், பதமா பேசுவேன்.

மாமனார்: வேலை நேரத்துல அவனை எதுக்கு…

புரோக்கர்: சார், உங்க சட்டைப் பையில அடிக்குது பாருங்க. அதை மொதல்ல எடுங்க… ஒரு நிமிஷம். நான் கட் பண்றேன். ம்… நின்னுடுச்சு. மறுபடி போடறேன்.

மருமகள்: போடாதீங்க.

புரோக்கர்: மறுபடி அடிக்குது. என்ன மேடம் இது, வீட்டுக்காரர்ங்கற இடத்துல மாமனார் நம்பரை எழுதியிருக்கீங்க.

மருமகள்: தப்பா எழுதிட்டேன். அவசரத்துல.

புரோக்கர்: சரி, போகட்டும். சரியான நம்பரைச் சொல்லுங்க.

மருமகள்: என் போன்ல… சார்ஜ் இல்ல.

புரோக்கர்: சார், நீங்க சொல்லுங்க. பெத்த பையன் நம்பர் அப்பனுக்குத் தெரியாமலா?

மாமனார்: மனப்பாடமா இல்ல. போன்ல பார்க்கணும். கண்ணாடியை வேற வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்.

புரோக்கர்: நெத்தி மேல இருக்கு சார்.

மாமனார்: அட, ஆமா.

புரோக்கர்: இதோ என் போனும் அடிக்குது. டாக்டரேதான். வந்துட்டீங்களா சார்… இல்ல இல்ல, அந்தத் தெரு இல்ல, மருந்துக் கடை முனையில நில்லுங்க, நானே வந்து கூட்டிட்டு வர்றேன். சார், மேடம், அஞ்சு நிமிஷம். நான் வர்றதுக்குள்ள பையன்கிட்ட பேசி வைங்க. அவர் உள்ள வந்துட்டா அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.

மாமனார்: ஏம்மா, என் நம்பரை எழுதினே?

மருமகள்: தப்பா எழுதிட்டேன்னு சொன்னேனே.

மாமனார்: கண்ணாடிப் பவர் எழுதறப்போ கால் புள்ளி தப்பாதுன்னு உன் முதலாளியே சொல்வார். நீ நம்பரைத் தப்பா எழுதுவியா?

மருமகள்: எழுத வேற நம்பர் இல்ல மாமா. பழைய நம்பர் போறதில்ல. புதுசு எனக்குக் குடுக்கல.

மாமனார்: அப்ப ஞாயித்துக்கிழமை சாயங்காலம்…

மருமகள்: யாரும் பேசல.

மாமனார்: பாத்ரூம் கம்பி?

மருமகள்: நான்தான். நீங்க வழுக்கி விழுந்துடுவீங்களோன்னு எனக்கு பயம். நான் சொன்னா, எனக்கெதுக்குக் கம்பின்னு மறுத்துடுவீங்க. அவர் சொன்னதா சொன்னா ஒத்துக்குவீங்க.

மாமனார்: அடிப்பாவி.

மருமகள்: உங்ககிட்ட பேசறாரே, அது போதும்னு இருந்தேன். ஞாயித்துக்கிழமை மாடிக்குப் போயிட்டு வந்து, அவன் நல்லா இருக்கான்னு சொல்வீங்கல்ல… பெத்த அப்பாகிட்டயாவது பேசறாரே, மனுஷத்தனம் இருக்கேன்னு.

மாமனார்: நானும் அதேதான் நெனச்சேன்.

மருமகள்: என்ன நெனச்சீங்க?

மாமனார்: அவர் சொன்னார் அவர் சொன்னார்னு நீ சொல்றப்பல்லாம்… ஒருவேளை மனசு மாறி உன்கிட்ட பேச ஆரம்பிச்சுட்டானோன்னு. எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா. ஒரு நாள் அதை நெனச்சே ஒரு சட்டி சோத்தையும் சாப்பிட்டேன்.

மருமகள்: அப்ப மாடிலயும்…

மாமனார்: சும்மா போய் நின்னுட்டு வருவேன். தண்ணித் தொட்டியைத் திறந்து பார்ப்பேன். பத்து நிமிஷம் ஆனதும் இறங்கி வருவேன்.

மருமகள்: மாமா…

மாமனார்: இரு. நான் சொல்லிடறேன், அந்த ஆள் வந்துடுவான். எட்டு மாசத்துக்கு முன்னாடி, கூட வேலை பார்த்தவன் வீட்டுல விசேஷம்னு சொல்லிட்டு ராத்திரி பஸ் ஏறினேன் பாரு. விசேஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவனைத் தேடிட்டுத்தான் போனேன். கம்பெனில கேட்டு, வீட்டைக் கண்டுபிடிச்சு, மூணு மாடி ஏறினேன்.

மருமகள்: மூணு மாடியா, இந்த முட்டியோட…

மாமனார்: அவன் கதவைப் பாதிதான் திறந்தான். உள்ள வாங்கப்பான்னு சொல்லல. படியிலயே நிக்க வச்சுப் பேசினான். வாசல்ல செருப்பு ஸ்டாண்டு. ஒரு பொம்பளைச் செருப்பு. பக்கத்துல கையளவு ஒரு குழந்தைச் செருப்பு. அவகிட்ட நீங்களே சொல்லிடுங்கப்பான்னான். அதை ஒரு வேலை மாதிரி என் தலையில கட்டிட்டான். பஸ்ல வர்றப்போ ராத்திரி பூரா எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டே வந்தேன். வீட்டுக்கு வந்தேன். நீ கதவைத் திறந்து, சாப்பாடெல்லாம் எப்படி மாமான்னு கேட்டே. நல்லா இருந்துச்சும்மான்னுட்டேன். அவ்ளோதான். அப்புறம் வாயே வரல.

மருமகள்: எனக்கு அந்த வாரமே தெரியும் மாமா. நாலு வரி மெசேஜ் அனுப்பிட்டு நம்பரை மாத்திட்டார்.

மாமனார்: தெரிஞ்சுக்கிட்டா எனக்கு ஆக்கிப் போட்டே?

மருமகள்: நீங்களும் தெரிஞ்சுக்கிட்டுத்தானே எனக்குத் தைலம் வச்சீங்க.

மாமனார்: எனக்கு வெக்கமா இருந்துச்சும்மா. என் பையன் பண்ணின காரியம். உன் முகத்தைப் பார்க்க முடியாமத்தான் அந்த ரேடியோவை வாரா வாரம் பிரிச்சுப் போட்டேன். ரேடியோவுக்கு ஒரு கோளாறும் இல்ல.

மருமகள்: தெரியும். நீங்க பிரிக்கற வரைக்கும் பாடிட்டுத்தானே இருக்கும்.

மாமனார்: இதையும் கேளு. நான் யோசிச்சு வச்சுட்டேன். வீட்டை உன் பேர்ல மட்டும் எழுதிடுவோம். என் பணம் அதுல இருக்கட்டும். அவன் உனக்குப் பண்ணினதுக்கு அதாவது ஈடா இருக்கட்டும். நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன்.

மருமகள்: உங்க தங்கச்சி வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டே மூச்சு முட்டுதுன்னு ஓடி வந்தீங்க.

மாமனார்: பழகிக்கலாம்.

மருமகள்: அப்ப எதுக்கு என்கூட பத்து வீடு பார்த்தீங்க?

மாமனார்: நல்ல வீடா பார்த்து உன்னை உக்கார வச்சுட்டுப் போகணும்னுதான். ஆனா நல்ல வீடா அமைஞ்சா ஒரு கோளாறைத் தேட ஆரம்பிச்சுடுவேன். இது முடிஞ்சா நான் கிளம்பணுமேன்னு. அந்த ரெண்டாவது வீட்டுல ஒரு கோளாறும் இல்லம்மா. எனக்குப் போக மனசு இல்ல, அதான் பொய் சொன்னேன்.

மருமகள்: ஆறாவதை நானும் அந்தப் பயத்துலதான் இருட்டுன்னேன். யாரு உங்களைப் போகச் சொன்னா?

மாமனார்: யாரும் சொல்ல வேண்டாம். கணக்குப் போட்டா புரியும். நான் உனக்கு யாரு? உன் புருஷனோட அப்பா. அந்த ஒரு நூல்லதான் நான் உன் வீட்டுல சாப்பிட்டுட்டு இருக்கேன். அவன் வக்கீல் வச்சு ஒரு விவாகரத்துப் பேப்பர் அனுப்புவான். இன்னைக்கோ நாளைக்கோ வரும். நீ கையெழுத்துப் போடற அன்னைக்கு அந்த நூலும் அறுந்துச்சு. அப்புறம் நீ எனக்குச் சோறு போடணும்னு என்ன விதி? நாலு பேர் கேப்பாங்க. உனக்கும் வயசு இருக்கு. நாளைக்கு ஒரு நல்லவன் வந்து, யாரு இந்தக் கிழவன்னு கேட்டா என்ன சொல்வே? அந்தப் பேப்பர் வந்த நிமிஷம் நான் பெட்டியைக் கட்டிடுவேன். இது சத்தியம். அதுவரைக்கும் வேணா இருக்கேன்.

மருமகள்: சத்தியமெல்லாம் எதுக்கு மாமா.

மாமனார்: இல்ல, சத்தியம்தான். உன் கழுத்துல நான் ஒரு பாரமா தொங்கக் கூடாது.

புரோக்கர்: சார், டாக்டர் கார்ல இருக்கார், இறங்கப் போறார். பேசிட்டீங்களா பையன்கிட்ட? என்ன சொன்னார், பிடிச்சிருக்காமா?

மருமகள்: அவர்கிட்ட கேக்க வேண்டியதில்ல.

புரோக்கர்: மேடம், ஓனரம்மா…

மருமகள்: ஓனரம்மாகிட்ட நானே பேசறேன். வாசல்ல வந்து ரகளை பண்ற பையன் எங்க வீட்டுல இல்லன்னு சொல்றேன். அட்வான்ஸ் இதோ பையில இருக்கு. டாக்டரை அனுப்பிடுங்க.

புரோக்கர்: யார் பேர்ல எழுதறது?

மருமகள்: ரெண்டு பேர் பேர்லயும். மொதல்ல மாமா பேரு, அப்புறம் என் பேரு.

மாமனார்: ஏம்மா, நான் இவ்ளோ நேரம் என்ன சொன்னேன்?

மருமகள்: கேட்டேன்.

மாமனார்: என் பேரை எதுக்குப் போடறே? நாளைக்கே அந்தப் பேப்பர் வந்துட்டா…

மருமகள்: அது கடை விலாசத்துக்கு வந்து, நான் கோர்ட்டுல கையெழுத்தும் போட்டு நாலு மாசம் ஆச்சு மாமா. அன்னைக்கு எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தேன். ஏம்மா இவ்ளோ நேரம்னு வாசல்லயே நின்னு கேட்டீங்க. கடையில கூட்டம்னு சொன்னேன்.